கடல்காற்றும் மாளவிகாவின் காதும்

பங்குனி பிறந்த நாலைந்து நாளில் மாளவிகாவின் காதுக்குள் ஒரு ரீங்காரம் புகுந்துகொண்டது. காலையில் இருக்காது. பகல் ஒரு மணிக்கு மேல் மெல்லத் தொடங்கும். மூன்று மணிக்கு வயலினை எடுத்தால், சட்ஜத்துக்குக் கொஞ்சம் கீழே ஏறி இறங்கி நின்று அவளை இழுக்கும். இருட்டியபின் அடங்கிவிடும்.

கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் கடைசி மாடி வீட்டில் பதினெட்டு வருஷமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் பிழைப்பே காதுதான். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் செவி மங்கியபோதும் முதலில் வந்தது இப்படி ஒரு ரீங்காரம்தான். மாளவிகாவுக்கு இப்போது நாற்பத்தேழு.

கணவன் பரத்வாஜிடம்கூடச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று மாலை வகுப்புகளை நிறுத்திவைத்தாள். ஒரு நாள் காலையில் தனியாக அடையாறு போய்க் காது டாக்டரைப் பார்த்தாள். "ஒரு குறையும் இல்லையேம்மா" என்றார் அவர். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் ரீங்காரம் காத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெருவில் ஒரு சாவு ஊர்வலம் போயிற்று. ஜன்னலுக்கு நேர் கீழே சரவெடி. திடுக்கிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெடிச்சத்தம் தணிந்தது. கூடவே ரீங்காரமும் தணிந்தது.

கையை எடுத்தாள், வந்தது. பொத்தினாள், போயிற்று. காதுக்குள்ளேயே இருக்கிற சத்தம் என்றால் பொத்தினால் எப்படிப் போகும்?

அறையைச் சுற்றிவந்தாள். மாடிப்படிப் பக்கத்துச் சுவரில் காதை வைத்ததும் தெளிவாகக் கேட்டது. உள்ளங்கைக்கு அடியில் சுவரே நடுங்கியது. செருப்புகூடப் போடாமல் மொட்டைமாடிக்கு ஓடினாள்.

படிக்கட்டுச் சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கிய ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில், மூன்று இறக்கை வைத்த சின்னக் காற்றாலை கடல்காற்றில் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் நின்றவர் முதல் மாடி குலாம் முகம்மது, கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். அவளைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"போன மாசம் அசோசியேஷன்ல கேட்டுதான் வெச்சேன் டீச்சர். படிக்கட்டு லைட்டு, வாட்ச்மேன் ரூம் ஃபேன், அவ்ளோதான் ஓடுது."

"கொஞ்சம் நிறுத்துங்கோளேன் பாய்."

அவர் கம்பத்தடிப் பெட்டியிலிருந்த பிடியைத் திருப்பினார். இறக்கைகள் வேகம் குறைந்து, தள்ளாடி நின்றன. அவள் சுவரில் காதை வைத்தாள். ஒன்றுமே இல்லை.

"ஓட விடுங்கோ." வந்தது. "நிறுத்துங்கோ." போயிற்று. மூன்றாம் முறை கேட்கும்போது அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அவ்ளோ தொந்தரவா? இன்னிக்கே கழட்டிடறேன் டீச்சர்."

"ஐயோ, வேண்டாம் பாய். ஒரு மாசமா என் காதே போயிடுத்துன்னு நெனச்சிண்டிருந்தேன்."

அவர் கம்பத்தைத் தட்டிக் காட்டினார். "தப்பு என்னுது. செவுத்துல முறுக்கினதால அதிர்வு பூரா உங்க ரூமுக்குள்ள எறங்கிக்கினு இருந்திருக்கு. கப்பல்ல மோட்டாருக்கு அடியில ரப்பர் வெச்சவன், இங்க உட்டுட்டேனே! மத்து மாதிரி நட்டுக்க நின்னு சுத்துற காத்தாடி ஒண்ணு கீது. சத்தம் கம்மி, கரண்டும் கம்மி. மாத்திடவா?"

"முதல்ல ரப்பர் வெச்சுப் பார்ப்போம்" என்றாள்.

மறுநாள் கடலைப் பார்த்த மூலையில் தனியாக ஒரு தாங்கி போட்டு, கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்து, மணல் மூட்டைகளை அடுக்கிக் கம்பத்தை அங்கே மாற்றினார். மூன்று மணிக்கு மாளவிகா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் சுவராகவே இருந்தது. உட்கார்ந்து ஒரு மணி நேரம் கல்யாணி வாசித்தாள்.

சாயங்காலம் காபியோடு பரத்வாஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தச் சத்தமா?" என்றான் அவன். "லீவு நாள்லயெல்லாம் எனக்கும்தான் கேட்டுது. ஃப்ரிட்ஜ் போகப்போறதுன்னு நெனச்சேன். சொன்னா உடனே புதுசு கேப்பியேன்னு வாயே தொறக்கலை."

மாளவிகா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அப்புறம் சிரிக்கத் தொடங்கியவளால் நிறுத்தவே முடியவில்லை.