முடிந்து வைத்த ஒற்றை ரூபாய்

ஒரு பக்கம் சிங்கமுகம் புடைத்திருக்க வேண்டும். மறுபக்கம் அதே முகம் இடம்வலம் மாறிக் குழிந்திருக்க வேண்டும். நாணயச்சாலையின் அச்சில் முந்தைய காசு சிக்கிக்கொண்டால் மட்டுமே பிறக்கும் அந்தப் பிழைக்காசுக்காக மலைச்சாமி முப்பது ஆண்டுகள் ஏங்கினார். பேருந்து நடத்துநராக இருந்தவர். மலைமலையாய்ச் சில்லறை அவர் கையில் புரண்டும், அந்த ஒன்று மட்டும் வாய்க்கவில்லை. அவருடைய ஆல்பத்தின் முதல் உறை வெறுமையாகவே கிடந்தது.

அன்றும் ஆரப்பாளையத்தில், அசோக்குமாரின் நாணயக்கடையில் ஏமாற்றந்தான். அவன் நீட்டிய ஒற்றை ரூபாயை லென்சில் பார்த்தார்.

"குழிஞ்ச சிங்கத்துக்கு அடியில பழைய ஒண்ணாம் நம்பரு மங்கலாத் தெரியுது. ரெண்டு காசச் சேத்துவச்சு நசுக்கிருக்காய்ங்கப்பா."

"அண்ணே, உங்க கண்ணு கண்ணா, எக்ஸ்ரேயா? யூடியூப் பாத்துட்டு வர்றவய்ங்க இம்புட்டு நோண்ட மாட்டாய்ங்க."

பொய்க்காசைச் செய்கிறவனைவிட, அறிந்தே விற்கிறவன் கேடானவன். இவனுக்கோ அது வேடிக்கையாகவும் இருக்கிறது! மலைச்சாமி காசை அவன் பக்கமே தள்ளிவிட்டு, கே.கே. நகருக்குப் பேருந்தேறினார்.

வீட்டில் மனைவி சோணையம்மாள் சாமிபடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய மஞ்சள்துணி முடிச்சு நழுவிக் கீழே விழுந்தது. பிள்ளைவரம் வேண்டி, மணமான நான்காம் ஆண்டில் குலசாமிக்கு அவள் முடிந்து வைத்த காசு அது. வரம் பலித்தால் கோயிலில் அவிழ்த்துச் செலுத்த வேண்டும். பலிக்கவில்லை, முடிச்சும் அவிழவில்லை.

எடுத்துக் கொடுக்கக் குனிந்தவரின் விரல்கள் துணிமேல் அழுந்தின. ஒரு பக்கம் மேடு. மறுபக்கம் பள்ளம்.

"சோணை, இந்தக் காசு ஏது?"

அவள் முகம் வெளிறியது. "கண்டுபிடிச்சுட்டீகளா? மளிகைக்கடைக்காரன் செல்லாதுன்னு திருப்பிக் குடுத்தது. சாமிக்குத் தெரியவா போகுதுன்னு முடிஞ்சுட்டேன். ஒச்சமான காச முடிஞ்சவளுக்குச் சாமி புள்ளையவா குடுக்கும்? எல்லாம் என் குத்தந்தேன்."

இத்தனை ஆண்டும் இதை இவள் தனியே சுமந்திருக்கிறாள்.

"முடிஞ்ச நீயே அவுத்துத் தா. பொய்யா மெய்யான்னு பாத்துச் சொல்றேன்" என்றார். அவளுக்காகக் கேட்டாரா, காசுக்காகக் கேட்டாரா என்பது அவருக்கே விளங்கவில்லை.

பல்லால் கடித்து அவிழ்த்தாள். சின்னத் தராசில் எடை சரியாக நின்றது. ஓரத்தை மட்டும் பிடித்து லென்சின்கீழ்ச் சாய்த்தார். குழிந்த சிங்கத்தின் அடியில் எண்ணின் தடம் எங்குமே இல்லை.

"அசல் காசு சோணை. அரசாங்க அச்சுலயே இப்புடிப் பொறந்தது. இதுல ஒரு குத்தமும் இல்ல."

"குத்தமில்லையா?" அவள் முகம் மலர்ந்தது, மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "அப்பறம் ஏங்க நமக்கு…?"

மேசைமேல் ஆல்பம் விரிந்து கிடந்தது. அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள்.

"வச்சுக்கங்க. நீங்களுந்தேன் எம்புட்டு நாளாத் தேடுறீக."

காசின் முகத்தில் விரல்படாமல் பிடிப்பவர், இப்போது அதை உள்ளங்கையில் வைத்து இறுக மூடினார். பிறகு ஆல்பத்தை மூடினார்.

"புதுத்துணி இருக்கா?"

அவள் மஞ்சளில் நனைத்துக் கொண்டுவந்த துணியில் காசை வைத்தார். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவது நழுவாதிருக்க, அவர் அதன்மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டார்.