தீவனத் தரம்

யெல்பெரினில் அந்த ஆண்டு விளைந்த கோதுமையில் குழந்தைகளின் அழுகை கலந்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் லாரிச் சுமைக்குள் குழாயைச் செருகி மாதிரி எடுத்த பெண் அதைத் தட்டில் கொட்டினாள். மணிகளுக்கிடையிலிருந்து அழுகை வந்தது. களைவிதைக்கும் வண்டுக்கும் விதி இருந்தது, அழுகைக்கு இல்லை. ஆகவே மாவுக்கு ஆகாது, கால்நடைத் தீவனத் தரம் என்று சொல்லி லாரியை உள்ளே விட்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். விதைப்புக்கு முன் ஊராட்சி மன்றம் கைக்குழந்தைகள் காப்பகத்தை மூடியிருந்தது. அந்த அறையில் இப்போது கால்பந்துக் கழகத்தின் உடற்பயிற்சிக் கருவிகள். ஆண்களில் பாதிப் பேர் வடக்கே இரும்புச் சுரங்கங்களில் இருந்ததால் பெண்களே டிராக்டர் ஓட்டினார்கள், குழந்தையைப் பக்கத்து இருக்கையில் கட்டிக்கொண்டு. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். குழந்தை அழுதால் வண்டியை நிறுத்த முடியாது. பதில் கிடைக்காத அழுகை விதையோடு உழவுசாலில் விழுந்தது. மண் மூடியது, மழை பெய்தது, முளைத்தது.

மெரின் ஹாடோவின் மகன் ஆங்கஸ் முதல் வாரம் அழுதான். அடுத்த வாரம் சிணுங்கினான். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். யெல்பெரினில் அழாத குழந்தைக்குச் சமத்து என்று பெயர். வசந்தகாலக் கண்காட்சியில் செம்மறிக் கிடாவுக்கும் பூசணிக்காய்க்கும் அடுத்தபடியாகச் சமத்துக் குழந்தைக்குப் பரிசு உண்டு. ஆங்கஸுக்கு நீல நாடா கிடைத்தது. நாடாவைக் குத்தும்போது நடுவரின் கை தவறி ஊசி அவன் தோளில் ஏறியது. அவன் அழவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கூட்டம் கைதட்டியது. மெரின் ஊசியைப் பிடுங்கி எடுத்தாள்.

அறுவடைக்குப் பின் மன்றம் கூடியபோது கோதுமையின் தரத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மெரின் எழுந்தாள். "அறையத் திருப்பிக் குடுங்க டெஸ். பயிற்சி எடுத்தவங்களாப் பாத்து ரெண்டு பேரப் போடுங்க."

தலைவர் டெஸ் ட்ரெவின் சிரித்தார். "கைக்குழந்தைக்கு என்னம்மா படிப்பு? குடிக்கும், தூங்கும். எங்கம்மா என்னைக் கோழிக்கூண்டுல போட்டுட்டுக் காட்டுக்குப் போவா. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"அதான் இன்னும் கொத்திக்கிட்டே இருக்கீங்க!" என்றது பின்வரிசை.

"அழுதா யாராச்சும் வருவாங்கங்கறதுதான் முதப் பாடம்," என்றாள் மெரின். "என் புள்ள அத மறந்துட்டான். நான்தான் மறக்கடிச்சேன். வண்டிய நிறுத்தல."

"உம் புள்ளதானே நீல நாடா வாங்கினான்? இதுக்கு மேல என்ன வேணும்?"

உடற்பயிற்சிக் கருவிகளுக்கே அதிகக் கைகள் உயர்ந்தன.

அந்தக் கோதுமையைத் தெற்கே ஒரு செம்மறிப் பண்ணை வாங்கியது. இலையுதிர் காலத்தில், அதைத் தின்ற ஆடுகள் குழந்தைகளைப் போல அழத் தொடங்கின. மயிர் கத்தரிப்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலையை முடித்தார்கள். கேள்விப்பட்ட மெரின் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். பட்டி பட்டியாக நடந்து ஒரு பெட்டை ஆட்டின் முன் நின்றாள். அது ஆங்கஸின் குரல், பசிக்கு அழுவது.

"வந்துட்டேண்டா," என்றாள் ஆட்டிடம்.

"ஓட்டிட்டுப் போம்மா, புண்ணியமாப் போகும்," என்றார் பண்ணைக்காரர். "நான் தூங்கி மாசமாச்சு."

வீட்டில் ஆடு அழும்போதெல்லாம் மெரின் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி ஆங்கஸைத் தூக்கினாள். குளிர்காலம் முழுதும் அப்படி. அது முடியும் தறுவாயில், ஆடு அழுதால் அவன் தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கத் தொடங்கினான். மற்றத் தாய்மார்களும் போய்த் தங்கள் பிள்ளையின் குரலைத் தேடி ஓட்டிவந்தார்கள். சிலருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆடுகள் முன்பே இறைச்சிக்குப் போயிருந்தன. ஊருக்குள் ஆடு வளர்க்க மன்றம் அனுமதி தந்தது. அறையைத் திறக்கவில்லை.

ஆங்கஸ் பள்ளிக்குப் போனபோது ஆடும் போயிற்று. அவன் பேசினான், எண்ணினான், கேட்டதற்குப் பதில் சொன்னான். அழ மட்டும் வரவில்லை. விழுந்து முட்டி சிராய்ந்தால் பேசாமல் எழுந்து நிற்பான். வேலியோரம் ஆடு அழும். புதிதாக வந்த ஆசிரியை முதல் நாள் ஆட்டை விரட்டப் போனாள்.

"அது ஆங்கஸ் அழறான் மிஸ்," என்றார்கள் பிள்ளைகள்.

மறுநாளிலிருந்து ஆடு அழுதால் அவள் எழுந்து அவனிடம் போனாள்.