லைனிங் வைத்த கறி

டெய்லரம்மாவைச் சமையலில் கெட்டிக்காரி என்று பெற்றவள்கூடச் சொன்னதில்லை. கோட்டு தைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள். குழம்பு வைக்கச் சொன்னால் புருஷன் வாசலைப் பார்ப்பார். அப்பேர்ப்பட்டவள், விடுமுறை விருந்துக்கு முழு மாட்டுக்கறித் துண்டை வெண்ணெய் மாவில் சுற்றி ஓவனில் சுடப்போகிறேன் என்று கிளம்பினால் வீடு சும்மா இருக்குமா?

"உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஒரு குழம்பு, ஒரு வறுவல். முடிஞ்சுது," என்றார் புருஷன். பெரிய மீசைக்காரர்.

"அண்ணன் கீழ வந்து நம்மகூட உக்காந்து சாப்பிடணும். அதுக்குத்தான்."

அண்ணன் மாடி அறையில் இருந்தார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். மைதானத்தில் என்ன அதிகாரமோ அதே அதிகாரம் சாப்பாட்டு மேசையிலும். விருந்தென்றால் கறியை வெட்டிப் பங்கிடுவது அவர்தான், வேறு யாரும் கத்தியைத் தொடக்கூடாது. ஒருநாள் காலையில் எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சரியாகிவிடும், நாளாகும் என்றார் டாக்டர். ஆனால் சாப்பிடும்போது இடது ஓரத்தில் சோறு உதிர்ந்தது. அது அவருக்கே தெரியவில்லை. புருஷன்காரர் நல்ல எண்ணத்தில் "வாயத் தொடைங்க மச்சான்" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மனிதர் மாடியிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். யாராவது எட்டிப் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டு வாய்க்கு ஏறிவிடும்.

டெய்லரம்மாவுக்கு யோசனை கொடுத்தது பேக்கரி பஃப்ஸ். புருஷன் ஒரு கடிதான் கடித்தார். மீசை, சட்டை, மடி எல்லாம் தூள். இதை மகாராஜாவாலும் ஒழுங்காகத் தின்ன முடியாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லார் வாயும் உதிர்த்தால் அண்ணன் வாயை யார் பார்க்கப்போகிறார்கள்? பஃப்ஸ் வாங்கி வைத்தால் மாடிக்கு இரண்டு அனுப்பு என்பார். அதே வெண்ணெய் மாவில் சுற்றிய முழுக் கறித் துண்டென்றால் வெட்ட ஆள் வேண்டும், இறங்கித்தான் ஆகவேண்டும்.

முதலில் ஒரு சிறு துண்டில் செய்து பார்த்தாள். மேலே பொன்னிறம், அடியில் சொதசொதவென்று ஈரம். புருஷன் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு," என்றார். மீசையில் ஒரு தூள் இல்லை. அந்தச் சுத்தமான மீசையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

மறுநாள் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் மெஷினை அப்படியே நிறுத்தினாள். லைனிங் இல்லாமல் தைத்தால் வேர்வை மேல்துணிக்கு வராமல் என்ன செய்யும்? அட மண்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

விருந்தன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினாள். எலும்பும் கொழுப்பும் இல்லாத நீளத் துண்டை நாலு பக்கமும் வதக்கி, ஆறவைத்து, கடுகு விழுது தடவினாள். அரைத்த காளானைச் சொட்டு நீரில்லாமல் சுண்ட வறுத்தாள். முட்டையும் மாவும் கரைத்து மெல்லிய லைனிங் ஒன்று சுட்டு, அதில் காளானைப் பரப்பி, கறியை இறுக்கச் சுருட்டினாள். அதற்கும் மேலேதான் வெண்ணெய் மாவு, தையலுக்கு விடுகிற மாதிரி ஓரம் விட்டு. வெந்ததும் நகத்தால் தட்டிப் பார்த்தாள். டொக்கென்றது.

விருந்துக்கு வந்த நாத்தனார் மடிப்புக் கலையாத கறுப்புச் சேலையில் இருந்தாள். துடைக்கக் காகிதம் வேறு கட்டாகக் கொண்டுவந்திருந்தாள். டெய்லரம்மா அதை வாங்கித் தையல் மெஷின் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு மாடியேறினாள்.

"அண்ணா, கறி வெட்ட வாங்க."

"மாப்ளைய வெட்டச் சொல்லு. எனக்குத் தட்டுல போட்டு மேல அனுப்பிடு."

"நீங்க வர்ற வரைக்கும் கத்திய யாரும் தொடமாட்டாங்க. ஆறி அவலாப் போனாலும் சரி."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆறினால் மாவு நமுத்துவிடுமே என்று இன்னொரு தடவை நகத்தால் தட்டிப் பார்த்தாள், இருந்தும் கத்தியைத் தொடவில்லை. கடைசியில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

துண்டை வாயில் பொத்தியபடி வந்தார். கத்திக்கு ஒரு கை, முள்கரண்டிக்கு ஒரு கை வேண்டுமே. சற்று நின்றார். துண்டைத் தோளில் போட்டுவிட்டு வெட்டினார். ஓடு மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே கறி ரோஜா நிறம், அடிமாவில் துளி ஈரமில்லை. எல்லாருக்கும் வைத்து, தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டு, "நான் மேல போறேன்," என்று தட்டோடு திரும்பினார்.

அதற்குள் மற்றவர்கள் கடித்துவிட்டார்கள். நாத்தனாரின் கறுப்புச் சேலையில் பொடி கொட்டியது. "அந்தக் காகிதம் எங்க அண்ணி?" என்றாள் வாய் நிறைய.

"எங்க வெச்சேன்னு தெரியலையே," என்றாள் டெய்லரம்மா.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் மீசை முழுக்கத் தூள், தாடையில் ஒரு பெரிய செதில், அவருக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணனின் வாய் கோணலாகத்தான் சிரித்தது, ஆனால் நன்றாகச் சிரித்தது.

"வாயத் தொடைங்க மாப்ளே," என்று தோள் துண்டை அவரிடம் வீசினார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். இடது பக்கம் உதிர்ந்தது. மேசை முழுக்கவே உதிர்ந்து கிடந்தது. விருந்து முடியும்வரை துண்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை.