பெண்கள் பக்கம்

எங்கள் கல்முனைப் பக்கத்தில் முஸ்லிம் கல்யாணம் என்றால் இரண்டு வீடியோ எடுப்போம். ஆண்கள் பக்கத்தை நான் எடுப்பேன். பெண்கள் பக்கத்தை எடுக்கப் பாண்டிருப்பிலிருந்து கஜனி வருவாள். அவள் எடுத்ததற்கு என் கடையில் ரோஸ் நிற உறை. அந்த சீடி பெண்களின் கைகளிலேயே வீடு வீடாகச் சுற்றும். அந்நிய ஆண் எவனும் அதைப் பார்க்க மாட்டான். ரோஸ் உறையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

யுத்தம் முடிந்த வருடம், அந்தக் கஜனி தானே ஒரு படம் செய்துகொண்டு வந்து, ஊருக்கு நான்தான் கொடுக்க வேண்டும் என்றாள். நாற்பது நிமிடப் படம். சுனாமி வந்த வருடம் அவள் எடுத்த ஒரு கல்யாண வீட்டில் தொடங்குகிறது. அம்ஹா வட்டிலப்ப இனிப்புத் தட்டை ஏந்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நடந்து வருகிறாள். பதினெட்டு வயது. அடுத்த காட்சியில் அவள் இல்லை. அவளைக் கடலுக்குக் கொடுத்த தாய் சபியா உம்மா, இளைய மகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறார்.

கொட்டிலுக்குப் பக்கத்திலேயே ஐம்பது புது வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு போன் கம்பனி காசு கொடுத்தது. அமைச்சர் காணி கொடுத்தார். திறப்பு விழாக் கல்லில் யாருடைய பெயர் மேலே வருவது என்ற இழுபறியில் மூன்று வருடமாக வீடுகள் திறக்கப்படவில்லை. சபியா உம்மா ஒரு வீட்டின் பூட்டைப் பிடித்துக்கொண்டு படத்தில் கதைக்கிறார்:

"கல்லுல ஆர்ட பேரும் இருக்கட்டும். என்ட புள்ளட பேரு அம்ஹா. அவக்கெண்டு கட்டின வீட்டோட அவவையும் கடல் கொண்டுபோயிட்டு. வீடில்லாம மத்தப் புள்ளைய எப்படிக் கட்டிக் குடுக்குற? ஒரு கதவத் திறந்து தாங்க."

ஒரு நிமிடம்தான் அது. எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை.

கேபிள்காரர் சீனிமுகம்மது முதலில் ஒளிபரப்புவதாகத்தான் சொன்னார். அவருக்கு வரும் விளம்பரமெல்லாம் அந்த போன் கம்பனியுடையது. மறுநாளே அந்த நிமிடத்தை வெட்டினால் போடலாம் என்றார். அக்கரைப்பற்றுக் கடைகள், கொடுத்த சீடிகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பின. பிறகு அமைச்சரின் இணைப்பாளர் மிஹ்லார் என் கடைக்கு வந்தான். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தான். வெட்டிவிட்டால் விற்கலாம், வெட்டாவிட்டால் கடை நடத்துவது கஷ்டம் என்றான்.

எனக்கு வாய் மட்டும்தான் பெரிது. அவன் போன பிறகு அவனை நன்றாக ஏசினேன். ஏசி முடித்து, வெட்டிவிடலாம் என்று கணினியின் முன்னால் உட்கார்ந்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து சபியா உம்மா வந்து கதவடியில் நின்றார். செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"தம்பி, நான் கதைச்சத வெட்டிப் போடாதீங்க," என்றார். "அவ மவுத்தானதுக்குப் பொறகு, அவட பேர நான் வாயால சொன்னது அந்த ஒரு தரம்தான்."

ஓம் என்றேன். வெட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவி றுகையாவிடம் புலம்பினேன். அவள் பாண் துண்டைச் சம்பலில் தொட்டபடி, முதல் பத்து நிமிடமும் கல்யாண வீடுதானே என்று கேட்டாள். ஓம் என்றேன். அப்படியென்றால் ரோஸ் உறையில் போடுங்கள் என்றாள். இருபது வருடம் அந்தத் தொழிலைச் செய்தவன் நான். அது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை மிஹ்லார் இரண்டு பேரோடு வந்து கடையைக் கிளறினான். மேசையில் கிடந்த பத்து சீடிகளை எடுத்துக்கொண்டான். அலுமாரியைத் திறந்தால் இருநூறு ரோஸ் உறைகள். ஒன்றைக் கையில் எடுத்து, 'பெண்கள் பக்கம்' என்று வாசித்ததும் சுட்டதுபோல் வைத்துவிட்டான். அஸ்தஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே கூட வந்தவர்களையும் திரும்பி நிற்கச் சொன்னான். அவனுடைய வெட்கத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான்.

படம் போனது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தலாணிக்குக் கீழும் மாப்பெட்டிக்குள்ளும் போனது. கடைத்தெருவில் ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது. வீடுகளுக்குள் எல்லோருக்கும் அம்ஹாவைத் தெரிந்திருந்தது. சபியா உம்மாவின் கொட்டிலுக்கு முகம் தெரியாத பெண்களெல்லாம் வந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து மிஹ்லார் தனியாக வந்தான். கையில் ரோஸ் உறை. சரி, கடை முடிந்தது என்று நினைத்தேன்.

"காக்கா, வீட்டுல இது கீறுப்பட்டுப் போச்சி," என்றான், என் முகத்தைப் பாராமல். "நெடுகப் போட்டுப் போட்டு, அந்த உம்மா கதைக்கிற இடத்துல நிண்டுட்டு. அந்த இடம் இல்லாட்டி படமே இல்லையாம். வேற ஒண்டு தாங்க."

அவன் வெட்டச் சொன்னதும் அதே இடத்தைத்தான். அந்த வீடுகளின் சாவிகளைக் கொடுக்கும்வரை அவன் மனைவி அவனோடு கதைக்க மாட்டாளாம். நாளைக்கு அமைச்சரைப் பார்க்கப் போகிறானாம். பயமாக இருக்கிறது என்றான்.

புதிதாக ஒரு சீடி அடித்தேன். வழக்கம்போல் உறையில் 'பெண்கள் பக்கம்' என்று எழுதப் பேனையை எடுத்தபோது அவன் என் கையைப் பிடித்தான்.

"அது வேணாம் காக்கா. அந்தப் புள்ளட பேர எழுதுங்க."

எழுதினேன். மை காயும்வரை அவன் அதை ஊதிக்கொண்டு நின்றான்.