முழு வரி கேட்ட சங்கரம்மாள்

1

இந்தக் கதை எனக்கு அருவிக்கு அடியில் கிடைத்தது. குற்றாலத்தில் சீசன். பேரருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற சுரண்டைக்காரர் ஒருவர், படிக்கட்டில் தொடங்கிய கதையை அருவிக்குள்ளும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். முடிவுக்கு வரும்போது மலைமேல் மழை. தண்ணீர் திமுதிமுவென்று இறங்கிவிட்டது. அவர் வாய் அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியே விரட்டினார். வந்து தேடினால் ஆளைக் காணோம். என் துண்டையும் காணோம்.

(துண்டுக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நல்ல துண்டு.)

ஆகவே, இது முடிவு இல்லாமல் என் கைக்கு வந்த கதை. இப்போதே சொல்லிவிட்டேன். பிறகு சண்டைக்கு வரக் கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் ஆண்டு, திருநெல்வேலி மாவட்டம், தென்காசி வட்டாரத்தில் அமைந்துள்ள மேற்படி கிராமத்தில்”

மனு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: “அந்த ஊர்க் கிணற்றில் வாளியை விட்டால், அது தண்ணீரைத் தொடுவதற்குள் இறைக்கிறவள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். தண்ணீரிலோ அப்படி ஒரு உப்பு. கஞ்சிக்குத் தனியாக உப்புப் போடுகிற வழக்கமே ஊரில் கிடையாது. அங்கே வாழ்க்கைப்பட்ட பெண்கள் தாய்வீட்டுக்கு வந்தால், சாப்பாடு சப்பென்று இருக்கிறதென்று அழுவார்கள்.”

இது நன்றாக இருக்கிறது. உண்மையும்கூட. நான் எழுதுவதெல்லாம் உண்மைதான்.

மேற்கே பார்த்தால் மலை. ஆனி, ஆடியில் சாரல் ஊர்வரைக்கும் வரும். சட்டையை நனைக்கும், குடத்தை நனைக்காது. ஊரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சுந்தரபாண்டியபுரத்துக்கும் சுரண்டைக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. பெயரைச் சொன்னால் ஊர்த்தலைவர் ஆறுமுகநயினாரின் பேரன்மார் கம்போடு வருவார்கள்.

3

பிளாக் ஆபீசிலிருந்து ஒலி முகம்மது என்ற அதிகாரி ஜீப்பில் வந்து, ஊரைக் கூட்டித் திட்டத்தைச் சொன்னார். நல்ல தண்ணீர்க் கிணறு, பம்பு, மேல்தொட்டி, தெருக்குழாய். குழாயடியில் சிந்துகிற தண்ணீரும் வீட்டுக் கழிவும் ஓட ஒரு வாறுகால்.* அரசாங்கம் இரண்டு பங்கு போடும். ஊர் ஒரு பங்கு போட வேண்டும். மார்ச்சுக் கடைசிக்குள் ஊர்ப் பங்கு வராவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

(* வாறுகால் என்றால் தெருவோரச் சாக்கடை. இது சென்னை வாசகர்களுக்காக. எங்களுக்கு மூக்கே சொல்லிவிடும்.)

பணம் பிரிக்க ஊர் புதிதாக யோசிக்கவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எப்படி வரி போடுவார்களோ அப்படியே போட்டார்கள். ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முழு வரி. புருஷன் செத்த வீட்டுக்கு அரை வரி, பாவம் என்று. முழு வரிக்காரன் ஊர்க்கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம். அரை வரி வீட்டுக்கு இடமும் இல்லை, பேச்சும் இல்லை. இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஊரில் யாரும் இந்தக் கடைசி விஷயத்தைச் சேர்த்துச் சொல்வதில்லை.

4

இனி சங்கரம்மாள் வர வேண்டும். அவளுக்காக ஓர் அறிமுகம் எழுதி வைத்திருந்தேன்: “கருத்த முகத்தில் தீபம்போல ஒளிரும் இரு” என்று. அதற்குமேல் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. ஆகவே சுருக்கமாக: பள்ளத்தெருவில் இருக்கிறாள், புருஷன் இல்லை, நடவுக்கும் அறுப்புக்கும் போகிறாள். வரி பிரிக்க வந்த தளவாய் அவளுடைய கொழுந்தன்.

“மைனி, அரை வரிய எடுத்து வையுங்க.”

“முழு வரியா வாங்கிக்கிடும்.”

தளவாய் பணப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டான். வரி என்றதும் வயலுக்கு ஓடினவனை அவனுக்குத் தெரியும். காய்ச்சல் வந்து படுத்தவனைத் தெரியும். செத்துப்போய்விட்டதாகப் பெண்டாட்டியை விட்டுச் சொல்லச் சொன்னவனையும் தெரியும். இது புது வியாதி.

“கிறுக்குப் புடிச்சிருக்கா மைனி? கூடக் குடுக்கேன்னு சண்டைக்கு வாரிய!”

“கிறுக்கு இல்ல கொழுந்தனாரே, மூக்கு இருக்கு. வாறுகால் எங்கன வந்து முடியுதுன்னு கேட்டீரா?”

கேட்டிருந்தான். குழாய் மேலத்தெருவில். வாறுகால் மேலத்தெருவில் புறப்பட்டுப் பள்ளத்தெருவில், அரை வரி வீடுகளின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

“பள்ளம்லா மைனி. தண்ணி பள்ளத்துக்குத்தான வரும்?”

“அப்படின்னா நல்ல தண்ணியும் பள்ளத்துக்குத்தான வரணும்? அது மட்டும் என்னத்துக்கு மேட்டுலயே நிக்கி?”

தளவாய் அரை வரியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

பள்ளத்தெருவில் இப்போதே மேலத்தெருக் கழிவு தேங்கித்தான் கிடந்தது. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பேராச்சியின் மகள் வாந்திபேதியில் செத்துப்போனாள். இதை வேடிக்கையாக எழுதப் பார்த்தேன். வரவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று ஊர்த்தலைவர் ஆறுமுகநயினாருக்கு மீசை வைத்தேன். அது எவ்வளவு பெரிய மீசை என்றால், அவர் திரும்பிய பிறகுதான் மீசை திரும்பும். ஆனால் கிணறு வெட்டுவதற்குத் தன் நிலத்தைச் சும்மா கொடுத்தவர் அவர்தான். ‘என் நிலத்துத் தண்ணி என் தெருவுல விழட்டும்’ என்று நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மீசையைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டேன்.

6

கெடு முடியும் நாள் வந்தது. கோயில் முன்னால் ஜமக்காளம் விரித்து ஊர் உட்கார்ந்திருந்தது. ஓரமாக ஜீப்.

வசூலில் துண்டு விழுந்திருந்தது. எவ்வளவு என்றால், அரை வரி வீடுகள் கொடுக்காத மறு பாதி எவ்வளவோ அவ்வளவு. (இவ்வளவு பொருத்தமாக நடக்குமா என்று கேட்பீர்கள். கதையில் நடக்கும்.)

“அண்ணாச்சி, சாயங்காலத்துக்குள்ள கட்டலன்னா என் கையில ஒண்ணும் இல்ல” என்றார் ஒலி முகம்மது.

அப்போதுதான் சங்கரம்மாள் வந்தாள். அறுப்புக் கூலி நெல்லை விற்ற காசு முந்தானையில் முடிந்திருந்தது. பின்னால் பேராச்சி. அவளுக்குப் பின்னால் பள்ளத்தெருவே வந்தது. எல்லார் முந்தானையிலும் மறு பாதி வரியின் முடிச்சு.

ஆறுமுகநயினார் முடிச்சுகளைப் பார்த்தார். “நல்லதும்மா சங்கரம்மா. வச்சிட்டுப் போ. பொறவு பேசிக்கிடலாம்.”

“பொறவு பேசுத கூட்டத்துல எங்களுக்கு எடம் கெடையாதே அண்ணாச்சி. இப்பமே பேசுவோம். முழு வரின்னு எழுதச் சொல்லுங்க. பள்ளத்தெருவுக்கு ஒரு குழாய். வாறுகால் எங்க வாசல்ல நிக்கப்படாது, ஊரத் தாண்டி வாழத் தோட்டத்துக்குப் போவணும்.”

சொல்லிவிட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள்.

கொடி மரத்திலிருந்த காக்கை எழுந்து போய்விட்டது. அதுவும் முழு வரிக் காக்கையாக இருக்க வேண்டும்.

“பொம்பள உக்காந்த ஜமக்காளத்துல நாங்க உக்காரவா?” என்று தளவாய் குதித்து எழுந்தான்.

“நில்லும் கொழுந்தனாரே. கெணத்தடியில பொழுதன்னைக்கும் நாங்க நிக்கலியா? காலு ஒண்ணும் ஒடிஞ்சிறாது.”

பேராச்சி குனிந்து சங்கரம்மாளின் காதில் கேட்டாள். காது என்றாலும் ஊருக்கே கேட்டது. “ஏட்டி, நானும் உக்காரட்டா?”

“பின்ன என்னத்துக்குட்டி ஒன்னக் கூட்டியாந்தேன்?”

பேராச்சி உட்கார்ந்தாள்.

ஒலி முகம்மது கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆறுமுகநயினார் மீசையைத் தடவிக்கொண்டு வாயைத் திறந்தார்.

இந்த இடத்தில்தான் மலைமேல் மழை.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. ஆறுமுகநயினார் சம்மதிக்கிறார். குழாய் திறக்கிறார்கள். முதல் குடத்தைப் பேராச்சி பிடிக்கிறாள், தண்ணீர் (இதில் நாதஸ்வரம் வேறு வைத்திருந்தேன். தலைவர் கூட்டத்துக்கு நடுவே அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை. கிழித்துவிட்டேன்.)

ஆ. அவர் மறுக்கிறார். ஜீப் போய்விடுகிறது. ஊர் உப்புத் தண்ணீரோடு மானத்தையும் சேர்த்துக் குடிக்கிறது. (எழுத எழுதக் கை நின்றுவிட்டது. பேராச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.)

இ. தளவாய் எழுந்து, “எங்க மைனி சொல்லுததுல என்ன தப்பு?” என்று (இவனா? நம்ப மாட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் ஆசை இருக்கிறது.)

பஸ் ஏறி அந்த ஊருக்கே போய்ப் பள்ளத்தெருவில் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்கிறீர்கள். கிளம்பினேன். சுரண்டையில் இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இல்லாமல் இருந்தால்?

ஆகவே பிளாக் ஆபீஸ் முறைப்படியே வைத்துக்கொள்வோம். இரண்டு பங்கு நான் போட்டாயிற்று. மீதி ஒரு பங்கு நீங்கள் போட வேண்டும். ஆறுமுகநயினார் வாயைத் திறந்தபடி இருக்கிறார். அதில் என்ன வார்த்தை வைப்பது என்பது உங்கள் பாடு. வெயில் இறங்குவதற்குள் வைத்துவிடுங்கள். ஜீப் காத்திருக்காது.

ஒரே ஒரு நிபந்தனை. என்ன முடிவு எழுதினாலும், முதலில் சங்கரம்மாளை அந்த ஜமக்காளத்திலிருந்து எழுப்பிவிட்டு எழுதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நானும் அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பக்கத்தையே கிழித்துப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், முடிச்சை அவிழ்க்காமல்.