குதிரைப் போலீஸ் வரும் தாளம்

"டான்ஸ் எண்டு சொல்லித்தானே மிஸ் சேர்த்தனீங்கள்? என்ர மகள் பிரணவி வீட்டில தம்பியின்ர முகத்துக்கு நேர காலை வீசுறாள். இது சண்டையெல்லோ?"

சிவனேசன் நாற்காலியில் உட்காரவே இல்லை. துணை முதல்வர் விக்னேஸ்வரி பொறுமையாகச் சொன்னார்: "பிரேசிலுக்கு அடிமையா கொண்டுபோன ஆப்பிரிக்கக்காரங்க ஆட்டம்ங்க. அவங்க வரலாற்றச் சொல்லத்தான் ஆட்டம் சொல்லித்தர ஜனைனாவ வரவழைச்சோம்."

"வரலாறு புத்தகத்தில இருக்கட்டும். உதை எதுக்கு?"

கிளென்ஃபீல்ட் என்ற புறநகரில் இருந்த அந்தப் பள்ளியில் சண்டைக்கு இடமில்லை. ஜனைனாவின் வகுப்பு அடுத்த தவணையும் நடக்குமா என்று அன்று மாலைக்குள் விக்னேஸ்வரிதான் முடிவு சொல்லியாக வேண்டும்.

"வாங்க, சொல்லாம கொள்ளாம போய்ப் பார்ப்போம். சண்டைன்னா நானே நிறுத்திடுறேன்."

தூறலில் மைதானத்தைக் கடந்தார்கள். ஹாலுக்குள் பெரிம்பாவ் ஒலித்துக்கொண்டிருந்தது. வில்லில் ஒற்றைக் கம்பி கட்டிச் சுரைக்குடுக்கை பொருத்திய கருவி அது. இழுத்து இழுத்து வந்த நாதம், அவர்கள் பாதி தூரம் வருவதற்குள், குதிரை ஓட்டம்போலப் படபடத்தது.

கதவைத் திறந்தால், பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டி இடுப்பை அசைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம், வடிவாத்தான் ஆடீனம்." சிவனேசனின் குரல் இறங்கிவிட்டது.

விக்னேஸ்வரிக்கும் நிம்மதி. அப்போது பார்த்துப் பிரணவி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு வட்டம் முழுக்கப் பரவியது.

"என்னம்மா சிரிப்பு?"

பிரணவி ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள். "அடிமைமுறை ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் இதை ஆடினால் ஜெயில், மிஸ். குதிரைப் போலீஸ் வந்தால் தாளத்தை மாற்றி எச்சரிப்பார்கள்; உடனே எல்லோரும் உதையை விட்டுச் சும்மா ஆடுவார்கள். ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். சொன்னதும், பெரிம்பாவ் வாசிக்கிற மெலே தாளத்தை மாற்றிவிட்டாள்."

"அப்ப இங்க போலீஸ் யாரு?"

"நீங்கள்தான், மிஸ்."

"நான்?" என்றார் சிவனேசன்.

"நீங்கள் குதிரை, அப்பா."

ஜனைனா மட்டும் சிரிக்கவில்லை. "கதையைப் போன மாதம் சொன்னேன். இன்று அவர்களாகவே செய்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது சண்டையும்தான். ஆனால் கால் யார்மேலும் படாது. படாமல் விலகுவதுதான் ஆட்டம்."

விக்னேஸ்வரிக்குச் சுருக்கென்றது. பார்க்காமலே நிறுத்திவிடுவதாகப் பேசிக்கொண்டு வந்தது யார்? ஜன்னலிலிருந்து பார்த்தவள் வேறு என்ன நினைப்பாள்?

சிவனேசன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரில யுத்த நேரம் ஆமி வாற சத்தம் கேட்டா நாங்களும் தடைசெய்த றேடியோவ நிப்பாட்டிப்போட்டு, பாடம் படிக்கிற மாதிரி இருப்பம். இவளுக்கு நான் அதைச் சொன்னதே இல்லை, மிஸ்."

விக்னேஸ்வரி ஆங்கிலத்தில் கேட்டார்: "மெலே, பழைய தாளத்த வாசிம்மா. பார்த்துட்டு முடிவு சொல்றேன்."

மெலே கம்பியைத் தொடவில்லை. ஜனைனாவைப் பார்த்தாள். ஜனைனா தயங்கித்தான் சொன்னார்: "போலீஸ் கேட்டால் யாரும் வாசிப்பதில்லை."

விக்னேஸ்வரி மெலேயின் பக்கம் திரும்பினார்.

"சரி, முடிவ முதல்லயே சொல்லிடுறேன். அடுத்த தவணையும் வகுப்பு உண்டு. அதுல சண்டையும் இருக்குன்னு முதல்வர்கிட்ட மறைக்காம நானே சொல்றேன். யார் வந்தாலும் நீங்க தாளத்த மாத்த வேணாம்."

மெலே கோலை எடுத்தாள். கம்பி மெல்ல, இழுத்து இழுத்து ஒலிக்கத் தொடங்கியது.