சிவப்பு அம்பு ஒட்டிய குருவிகள்

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் எந்தத் துணியும் செக்கிங் மேசையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. சரியான சாம்பிள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாறும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டியது திரும்பிப் போய்விடும்.

அன்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுக்க, பல்லடத்துச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த அறுபது குருவிப் படங்களும் அந்த மேசைக்கே வந்தன. காலையிலிருந்து நின்றபடி துணி பார்த்த ரோஸ்மேரி, முதல் படத்தைச் சாம்பிளாக வைத்து, மற்ற ஐம்பத்தொன்பதிலும் அம்பு ஒட்டிவிட்டாள்.

படங்களைக் கொண்டுவந்த சாந்தாமணி டீச்சர் பதறினார். "ஏனுங்க, அத்தனையும் ரிஜெக்ட்டுங்களா? இத வித்து வர்ற காசுலதான் புள்ளைங்க வேன் ஓடோணுங்க. கையில வரைஞ்சா ஒண்ணு மாதிரி ஒண்ணு வராதுங்க."

"அத முன்னாடியே சொல்லப்படாதா டீச்சர்? நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு."

ரோஸ்மேரி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரு படத்தில் மட்டும் அம்போடு குருவியின் அலகும் பிய்ந்து வந்தது. டீச்சர் முகம் வாடிவிட்டது.

"மத்ததெல்லாம் பாஸ். இத நான் வாங்கிக்கிடுதேன், எம் மவளுக்குப் பிறந்தநாள் வருது."

"வேற நல்லதா எடுத்துக்குங்க."

"வேண்டாம் டீச்சர். மூக்க அவளே வரைஞ்சுக்கிடுவா."